சாமியார் பங்களாவின் பின்வாசல்

எங்கள் ஊர் மாதா கோயிலை ஒட்டி, பாதிரியார் தங்கும் சாமியார் பங்களாவைப் பழமை மாறாமல் புதுப்பிக்கிறார்கள். சுண்ணாம்பில் சேர்க்கக் கல்வராயன் மலைக் கடுக்காயை ஊறவைத்திருந்த தொட்டியின் துவர்ப்பு வாடை மூக்கில் ஏறியதும், திருவிழாவுக்குத் திருவிழா அங்கே வெள்ளையடித்து வெந்துபோன அம்மாவின் விரல்களும், பெரிய வீட்டுக்காரர்கள் செருப்போடு ஏறிய முன்வாசலும், "முன்னால இன்னாடி வேலை உனக்கு? பின்னால போ" என்று அவளை விரட்டிய உபதேசியாரின் குரலும் திரும்பி வந்தன. தான் வெள்ளையடித்த முன்வாசலை அம்மா சாகும்வரை மிதிக்கவில்லை.

இன்று கோயில் கமிட்டித் தலைவர் நான். "பின்வாசல் ரொம்ப குட்டைங்க, அடைச்சிடலாமா?" என்று இன்ஜினியர் கேட்டார்.

"முன்வாசலை அடைங்க. தொறப்பு விழாவுக்கு வர்ற பெரிய வூட்டுக்காரங்க எல்லாம் குனிஞ்சி வரட்டும்" என்றேன்.