பின்சீட்டுக்கு வராத ஜெயகரன்

ஜெயகரனுக்கு வாய் இருந்தது. அதை வைத்தே காலத்தை ஓட்டினார். மாரிகுப்பம் தங்கச் சுரங்கத்தில் ஆட்கள் போகும் கூண்டான கேஜை ஏற்றி இறக்கும் எந்திரத்துக்கு பிரேக் பார்த்துக்கொண்டிருந்தவர், அறுபத்தாறாம் வருஷம் எங்கள் பறக்கும் கிளப்புக்கு ஃபிட்டராக வந்தார். நான் அதே ஷெட்டில் விமான இறக்கைக்குத் துணி தைப்பவள். அவர் பீற்றலைக் கேட்பதற்கும் சேர்த்துத்தான் எனக்குச் சம்பளம் என்று நினைத்துக்கொள்வேன்.

சுரங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பிரேக்கைப் பிரித்து மாட்டிய ஃபிட்டர்தான் முதல் கேஜில் இறங்க வேண்டும். அவர் இறங்கிக் காட்டிய பிறகே ஷிப்டு ஆட்கள் ஏறுவார்கள். ஜெயகரன் இதைச் சொல்லாத நாளில்லை. அத்தனை பேர் உயிரைத் தாங்கிய கைக்கு இந்தத் தும்பி விமானம் ஒரு பொருட்டா என்பார்.

அந்தத் தும்பியின் பிரேக்குக்குச் சிவப்பு எண்ணெய்தான் ஊற்ற வேண்டும். ஜீப்புக்கு ஊற்றும் பிரேக் எண்ணெய் பட்டால் உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்கள் ஊறி உப்பிவிடும், பிரேக் பிடிக்காது. ஷெட் சுவரிலேயே எழுதியிருந்தது. சிவப்பு எண்ணெய் தீர்ந்துபோன வாரம், பெங்களூர் போய் வாங்கிவரச் சோம்பல்பட்டு, நம் மகாராசன் ஜெயகரன் யாருக்கும் தெரியாமல் ஜீப் எண்ணெயையே ஊற்றிவிட்டு விசிலடித்தார்.

இரண்டு நாள் கழித்து விமானி வின்னி கிளம்பினான். எங்கள் சர்ச்சுக்கு வரும் ஐடாவுக்கு ஒரே பிள்ளை. ஓடுபாதை முடியும் இடத்தில், தங்கம் பிரித்தபின் சுரங்கம் கொட்டிய சயனைடு மண்மேடு. இறங்கும்போது பிரேக் பிடிக்காவிட்டால் நேரே அதில்தான். ஜெயகரனின் கதைகளை நம்பிய அப்பாவி, "மைன்ல போற மாதிரியே பின்சீட்ல வாங்க, அங்கிள்" என்று கூப்பிட்டான்.

ஜெயகரன் வயிறு சரியில்லை என்றார். காத்திருக்கிறேன் என்றான் வின்னி. இடுப்பு வலி என்றார். தூக்கி உட்கார வைக்கிறேன் என்றான். கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நீயும் போவாத, வின்னி."

பிரேக்கைப் பிரித்தோம். வளையங்கள் ஊறிய கொண்டைக்கடலை மாதிரி உப்பியிருந்தன.

வின்னி அம்மாவிடம் பாதியைத்தான் சொல்லியிருந்தான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஐடா ஜெயகரனின் கையைப் பிடித்துக்கொண்டு, என் பிள்ளையைக் காப்பாற்றினீர்களே என்று அழுதாள். அவர் கையை இழுத்துக்கொள்ளக்கூட இல்லை. தலையைச் சாய்த்து அந்த நன்றியை வாங்கிக்கொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாசலில் மறித்துக் கேட்டேன்.

"வின்னி உங்கள கூப்டாம இருந்தா சொல்லிருப்பீங்களா?"

"அதான் கூப்டானே" என்றார்.