ஞாயிற்றுக்கிழமைகளில் லைசென்ஸ் தேதி வாசித்த ராதா அக்கா

ராதா அக்கா போய்விட்டார். நேற்று விடியற்காலை, கிள்ளான் வீட்டில்... தூக்கத்திலேயே.

மகள் கவிதா போன் செய்தபோது நான் பூச்சோங்கில் சிக்னலில் நின்றுகொண்டிருந்தேன். "அம்மா தவறிட்டாங்க அங்கிள்" என்றார். பச்சை விழுந்தது எனக்குத் தெரியவில்லை, பின்னால் இருந்தவர்கள் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தார்கள்.

இங்கே பல பேருக்கு அக்காவைத் தெரியாது. எங்கள் ரேடியோ கிளப் ஆட்களுக்குத் தெரியும்.

பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கி, சொந்த ரேடியோவில் ஒருவரோடு ஒருவர் பேசுகிற பைத்தியங்கள் நாங்கள். ஆளுக்கு ஒரு கால்சைன், அதுதான் எங்கள் பெயர். லைசென்ஸ் முடிந்துவிட்டால் அதன் பிறகு வாயைத் திறக்கக் கூடாது.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு ரேடியோவிலேயே கூடுவோம். ரோல் கால் முடிந்ததும் அக்கா ஒரு நோட்டைத் திறப்பார். யாருக்கு லைசென்ஸ் எப்போது முடிகிறது, விண்ணப்பப் பாரம் மாறியிருக்கிறதா, எங்கே கொடுக்க வேண்டும்... எல்லாம் வாசிப்பார்.

மருத்துவமனையில் முப்பது வருடம் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவர். அந்தக் குரலிடம் யாரும் தப்பிக்க முடியாது.

"பந்திங் முருகையா அண்ணே, அடுத்த மாசம் உங்களுக்கு முடியுது. போன தடவையும் கடைசி நாள்லதான் ஓடுனீங்க. நாசி லெமாக் அப்புறம் சாப்பிடலாம் லா, மொதல்ல பாரத்த எடுங்க."

கிளப்பே சிரிக்கும். முருகையா அண்ணன் மட்டும் சரி சரி என்று முனகுவார். ஆனால் அக்கா வாசித்த காலத்தில் எங்களில் ஒருவருக்கும் லைசென்ஸ் காலாவதியானதில்லை.

போன வருடம் நான் செயலாளர் ஆனேன். புதுச் செயலாளருக்குக் கை சும்மா இருக்குமா... வாசிப்பு ரொம்ப இழுக்கிறது, வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் போதும் என்று முடிவு செய்தேன். பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் வைத்து அக்காவிடம் சொன்னேன். நோட்டையும் வாங்கிக்கொண்டேன்.

அவர் முகம் கொஞ்சம் வாடியது. "எல்லாருக்கும் போய்ச் சேந்தா சரி தம்பி" என்றார். இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டு வாங்கிக் குடித்தார்.

அவர் வைத்திருந்தது பட்டன் போன். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் யோசிக்கவில்லை.

நோட்டில் இருந்த பெயர்களை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். நேற்றுத்தான் அந்த நோட்டைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன்... அதில் அக்கா பெயர் இல்லை. தன் தேதியை அவர் எதற்கு எழுதிவைக்கப் போகிறார்.

பிறகு லைசென்ஸ் புதுப்பிக்கும் முறை மாறியது. இனி பாரம் கிடையாது, ஆன்லைனில்தான். நான் அழகாக ஒரு போஸ்டர் செய்து குரூப்பில் போட்டேன். தம்ஸ்-அப் குவிந்தது. ரேடியோவில் ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை.

அடுத்த சில வாரங்களில் அக்கா ரோல் காலுக்குப் பதில் சொல்வதை நிறுத்திவிட்டார். அவர் கால்சைனைக் கூப்பிடுவேன்... சத்தமே இருக்காது.

வாசிப்பைப் பிடுங்கிவிட்டேன் என்று கோபம், அதான் வரவில்லை என்று நினைத்தேன். எனக்கும் வீம்பு, போன் செய்து கேட்கவில்லை. ஒரு ஞாயிறு எல்லோரும் கேட்கும்படி, "ராதா அக்கா நம்மகூட பேச மாட்டாங்க போல லா" என்றுகூடச் சொன்னேன். இரண்டு பேர் சிரித்தார்கள்.

மூன்று மாதம் பார்த்தேன். பிறகு அவர் கால்சைனை ரோல் கால் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டேன்.

இன்று இறுதிச் சடங்குக்குப் போனபோது கவிதா என்னை அறைக்குள் கூட்டிப்போய்க் காட்டினார். மேசையில் ரேடியோ இருந்தது, மைக் இல்லை. அது அலமாரியில், துணி சுற்றி...

லைசென்ஸ் முடிந்துபோயிருந்தது. பழைய பாரத்தை நிரப்பி எடுத்துக்கொண்டு போயிருக்கிறார், இப்போது இது செல்லாது என்று சொல்லியிருக்கிறார்கள். ஊருக்கெல்லாம் தேதி சொன்னவள் தன் தேதியைக் கோட்டை விட்டுவிட்டாள் என்று ஆகிவிடுமே... எங்களிடம் சொல்லக் கூச்சம்.

"பழக்கத்துல கை பேசுற பட்டன அமுத்திடும்னு அவங்களே மைக்க கழட்டிட்டாங்க அங்கிள்" என்றார் கவிதா. "நான் ஆன்லைன்ல செஞ்சு தரேன்னேன். கேக்கல. இவ்ளோ பெரிய மாத்தத்த கிளப்புல சொல்லாமலா இருப்பாங்க, கேட்டு எழுதிக்கிட்டு முறையா செய்யலாம்னாங்க."

அதற்காக ஒவ்வொரு ஞாயிறும் ஒன்பது மணிக்குப் பேனாவோடு ரேடியோ முன்னால் உட்கார்ந்திருக்கிறார்.

நான் கூப்பிட்டது, அந்தக் கிண்டல், அந்தச் சிரிப்பு... எல்லாம் கேட்டிருக்கிறார். பதில் சொல்ல முடியாமல்.

அவர் நிஜமாகவே என்மேல் கோபப்பட்டிருந்தால் தேவலை. அழுகை வந்தது. அந்த வீட்டில் நின்று அழ எனக்கு என்ன யோக்கியதை என்று வெளியே போய் நின்றுவிட்டேன்.

கிளம்பும்போது வாய் சும்மா இருக்கவில்லை. பட்டியலிலிருந்து எடுத்த அந்த ஞாயிறு அம்மா என்ன சொன்னார் என்று கவிதாவிடம் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"தம்பி மறந்திருக்கும், அடுத்த வாரம் கூப்பிடும்னாங்க" என்றார்.

அதன் பிறகு ஏழு ஞாயிறு போயிருக்கிறது. ஏழிலும் நான் கூப்பிடவில்லை.

மன்னித்துக்கொள்ளுங்கள் அக்கா... போய் வாருங்கள்.