தாளத்தில் விழாத அடி

ஒரு குறுகலான தெருவில் பாட்டுப் படப்பிடிப்பு. எதிர்வீட்டு மாடி ஜன்னலில் ஒருத்தி, பிறந்து பத்து நாள்கூட ஆகாத பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு நின்றாள். டேப்பு அண்ணன் அதைப் பார்த்தார். யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் ஒலிபெருக்கிப் பெட்டியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார்.

“சத்தம் பத்தலையே!” என்று டைரக்டர் கத்தினார்.

“வயரு இவ்வளவுதான் எட்டுது சார்” என்று தலையைச் சொறிந்தார். மிச்ச வயர் சுருளாகக் கிடந்தது. அதன் மேல்தான் அவர் உட்கார்ந்திருந்தார்.

டேப்பு என்பது தொழில் கொடுத்த பேர். பாட்டுப் படம் எடுக்கும் இடத்தில் பாட்டைப் போடுவதும் நிறுத்துவதும் அவர் வேலை. நடிக்கிறவர்கள் அங்கே பாடுவதில்லை. ஒலிக்கிற பாட்டுக்கு வாயசைப்பார்கள். வேறு எந்தச் சத்தத்தையும் அங்கே பதிவு செய்வதில்லை. யார் கத்தினாலும் கணக்கில் வராது.

அவர் சேர்ந்த காலத்தில் பாடகர் மரத்தடியில் நின்று பாட்டு முழுக்க வாயசைப்பார். காமிரா அசையாது. பார்க்கிறவர்களும் அசையாமல் பார்த்தார்கள். பிறகு பாட்டின் நடுவில் ஒரு கன்னத்து அறை வந்தது. அறை நன்றாக ஓடியதும் பைக் வந்தது; அடுத்த பாட்டில் அந்த பைக்கைக் கொளுத்தினார்கள். அப்புறம் சங்கிலி, கத்தி, உடைந்த பாட்டில். டேப்பு போய் கேசட் வந்தது, கேசட் போய் சிடி வந்தது, அதுவும் போய் லேப்டாப் வந்தது. அவர் பேர் மட்டும் மாறவில்லை.

“முதல் அஞ்சு செகண்ட்ல ரத்தம் தெரியணும் அண்ணே. இல்லேன்னா போன்ல விரலால தள்ளிட்டுப் போயிடுவான்” என்பார் புது டைரக்டர்.

காலையில் சாமி கும்பிட்டு நெற்றி நிறைய சந்தனத்தோடு கிளம்புகிற டேப்பு, சாயங்காலம் சட்டையெல்லாம் சாய ரத்தத்தோடு திரும்புவார். “பாட்டுக்குப் போறீங்களா, கறிக்கடைக்குப் போறீங்களா?” என்று மனைவி கேட்பாள். துவைக்கிறவள் அவள்தானே.

அவள் தம்பியும் அதே படங்களில்தான் பிழைத்தான். நாற்பது வயதுச் சண்டைக்காரன். ஒரு தடவை அவன் குத்து தவறி, எதிரே நின்ற தடியன் வாயில் நிஜமாகவே விழுந்துவிட்டது. முன்பல் இரண்டு தெறித்தன. காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டான். தடியனும் பெரிய மனசோடு விட்டுவிட்டான். ஆனால் டைரக்டர் விடவில்லை. பல் பறக்கிற இடத்தை மெதுவாக்கி மூன்று தடவை ஓட்டினார். ஊரே அதைப் போனில் பார்த்துச் சிரித்தது. அதுவரை அந்தத் தடியனை ‘சிங்கம்’ என்று கூப்பிட்டவர்கள் ‘பொக்கை’ என்றார்கள். கடையில் சோப்பு வாங்கப் போனாலும் பொக்கை. பெற்ற மகள் படிக்கிற பள்ளிக்கூட வாசலிலும் பொக்கை.

அடுத்த படப்பிடிப்பு ஒரு காலிக் கிடங்கில். பத்துப் பேர், பத்து ரப்பர் குழாய். திரையில் சண்டை மெதுவாகத் தெரிய வேண்டுமென்றால் பாட்டை இரட்டை வேகத்தில் போட்டு, ஆட்களும் அந்த வேகத்தில் அடித்துக்கொள்ள வேண்டும். பிறகு மெதுவாக்குவார்கள். பாட்டு அணில் கத்துவது போலிருக்கும். வெடுக் வெடுக்கென்று அவர்கள் அடித்துக்கொள்வதைப் பார்த்துச் சுற்றி நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

டேப்பு குனிந்து லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். சண்டைக்காரர்களின் அடி தாளத்தில் விழும், பழக்குவதே அப்படித்தான். பத்துக் குழாயும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குவது அவர் ஓரக்கண்ணில் தெரிந்தது. ஒரு குழாய் மட்டும் தனியாக இறங்கியது. எவனோ தடுமாறுகிறான் என்று நினைத்தார். மறுபடியும் தனியாக இறங்கியது. நடிக்கிறவன் தாளத்தை விடமாட்டான். கொல்ல நினைக்கிறவனுக்குத் தாளம் ஏது?

நிமிர்ந்தார். பொக்கை கையில் இருந்தது இரும்பு. கீழே கிடந்தவன் மச்சினன். அவன் வாய் திறந்து திறந்து மூடியது. பாட்டுக்கு வாயசைப்பது போலவே இருந்தது.

டைரக்டர் சொல்லாமல் பாட்டை நிறுத்தக் கூடாது. முப்பது வருஷத்தில் ஒரு நாளும் அவர் நிறுத்தியதில்லை. வயரைப் பிடுங்கினார்.

“மாமா… மாமா…”

கிடங்கு முழுக்க அதுதான் கேட்டது. எப்போதிருந்து கூப்பிடுகிறானோ, அந்தக் கடவுளுக்குத்தான் தெரியும். அடுத்த அடியில் கை எலும்பு பச்சைக் குச்சி மாதிரி முறிந்தது. அந்தச் சத்தமும் எல்லோருக்கும் கேட்டது. சிரித்தவர்கள் திறந்த வாயை மூடவில்லை.

“யாருய்யா பாட்டை நிறுத்துனது?” என்றார் டைரக்டர்.

டேப்பு ஓடிப் போய் மச்சினன் மேல் விழுந்து மூடிக்கொண்டார். இரும்பு அவர் வலது காதுக்குப் பின்னால் இறங்கியது. காதிலிருந்து வந்தது சாயமில்லை. நாலு பேர் பாய்ந்து பொக்கையை அமுக்கினார்கள். தரையில் கன்னம் தேய அவன் அலறினான்: “இதையும் மெதுவா ஓட்டுங்கடா! மூணு தடவை ஓட்டுங்கடா!”

பொக்கை ஜெயிலுக்குப் போனான். மச்சினனுக்கு இரண்டு விலா, ஒரு கை. டேப்புக்கு ஒரு காது போயிற்று, அப்புறம் தீராத தலைவலி. சாமி கும்பிடும்போது பொக்கையின் மகளுக்கும் சேர்த்துத்தான் வேண்டிக்கொண்டார்.

இரண்டு மாதத்தில் கை கூடியதும் மச்சினன் மறுபடி அந்த வேலைக்கே கிளம்பினான். வேறு வேலை அவனுக்குத் தெரியாது. வாசல் வரைக்கும் டேப்பு கூடவே வந்தார். தலைக்குள் ரத்தம் கட்டியிருந்தது அன்றைக்கு யாருக்கும் தெரியாது. மறுவாரம் அவர் இல்லை. அன்றைக்கு வாசலில் நின்று மச்சினன் சொன்னான்:

“இப்ப அங்க பாட்டு போட ஆளே இல்ல மாமா. போனே போட்டு போனே நிறுத்திக்குது.”

“இந்தப் பக்கம் வந்து சொல்லு மாப்ளே, அந்தக் காது செத்துப்போச்சு.”

இந்தப் பக்கம் வந்து சொன்னான். டேப்பு அவனுடைய கூடிய கையை மெல்லத் தடவிக்கொடுத்துவிட்டுச் சொன்னார்:

“நிஜமா அடி விழுந்தா தாளம் தப்பிக் கத்து மாப்ளே. தாளத்துல கத்தினா பாட்டுன்னு நெனச்சுக்கிட்டு எவனும் திரும்பிப் பாக்க மாட்டான்.”