சாமி பேருக்கே

2009-ஆம் ஆண்டு, ஐப்பசி, வெள்ளிக்கிழமை காலை. மகாபலிபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் வாழும் என் தங்கை தனலட்சுமி போன் செய்தாள். அழுகையோடுதான் விஷயத்தைச் சொன்னாள்.

மீன் பிடிக்கப் போன அவள் கணவர் வேதகிரியின் படகு, எஞ்சின் பழுதாகி ஆந்திரக் கரையில் ஒதுங்கியிருந்தது. உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் கையில் எந்த அடையாள அட்டையும் இல்லாததால், அங்கே போலீசார் அவரைப் பிடித்து வைத்திருந்தார்கள். அவர் யாரென்று மாலைக்குள் ஊரிலிருந்து உறுதி வராவிட்டால் வழக்கு என்றார்கள்.

அந்த ஆண்டுதான் கரையோர ஊர்களில் வசிக்கும் எல்லோருக்கும் அடையாள அட்டை தரும் வேலை தொடங்கியிருந்தது. முதலில் வீடு வீடாக வந்து பெயரும் உறவும் எழுதிக்கொள்வார்கள். பிறகு முகாமில் புகைப்படம், பத்து விரல் ரேகை. பட்டியலை ஊரில் ஒட்டுவார்கள். பிழையைத் திருத்திய பின்பே எண்ணும் அட்டையும். தங்கையின் குப்பத்தில் பட்டியல் இன்னும் ஒட்டப்படவில்லை.

உடனே கிளம்பிப் போய், தங்கையோடு ஊராட்சி அலுவலகத்துக்கு ஓடினேன். எழுத்தர் தேடிப் பார்த்தார்.

“இவங்க வூட்ல வேதகிரின்னு யாரும் இல்ல சார். கழுகுக்குன்றம்னு ஒருத்தர்தான் கீறாரு.”

நான் தங்கையைப் பார்த்தேன். “இன்னாம்மா சொன்ன?”

“அவரு பேர எப்படிண்ணா சொல்றது? கழுகு வர்ற மல மேல கீற சாமி பேருன்னேன். சரின்னு எழுதிகினு போயிட்டாரு.”

“தகவல் குடுத்தவங்களே வாயால சொல்லட்டும். திருத்தி இப்பவே பேக்ஸ் அனுப்பறேன்” என்றார் எழுத்தர்.

அவள் வாய் திறக்கவில்லை. பெயர் சொன்னால் கணவர் ஆயுசு குறையும் என்ற பயம். எழுதிக் காட்டவும் தெரியாது. அவளைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. வேறு வழியும் தெரியவில்லை. ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு, அவள் வெள்ளிதோறும் வேண்டும் அந்தக் கழுகு மலைக்கே, திருக்கழுக்குன்றத்துக்குப் போனேன். அழுதுகொண்டே மலை ஏறினோம்.

“அர்ச்சனை யார் பேருக்கும்மா?” என்றார் குருக்கள்.

எப்போதும் அவள் சொல்லும் பதில் எனக்குத் தெரியும்: சாமி பேருக்கே. மலை மேல் இருக்கும் சாமிக்கும் அவள் கணவருக்கும் ஒரே பெயர் அல்லவா? இத்தனை வருடமும் கணவருக்காக அவள் வேண்டியது அப்படித்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கண்களை மூடினேன். ‘சுவாமி, இவள் பயத்தை நீ வாங்கிக்கொள்.’

“வேதகிரி” என்றது ஒரு சின்னக் குரல்.

“சாமி பேருக்கா?”

“இல்ல சாமி. எங்க வூட்டுக்காரர் பேரு. உத்திரட்டாதி.”

படியிறங்கும்போது பெயரை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். அலுவலகத்தில், கேட்பதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டாள்.

“போதும்மா, ஒரு தபா சொன்னா போதும்” என்று எழுத்தர் சிரித்தார்.

மாலையில் விடுதலைச் செய்தி வந்தது. ஞாயிறு காலை மாப்பிள்ளை வாசலில் நின்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு அவள் வெகுநேரம் விடவில்லை.

பின்னொரு நாள் அட்டை வந்தது. “எனக்குக் கேக்கற மாதிரி ஒரு தபா சொல்லேன், தனம்” என்றார் அவர்.

“ஆசயப் பாரு! அதான் அட்டையில எழுதிகீதே, பாத்துக்க.”

ஆனால் ஒவ்வொரு வெள்ளியும் மலை மேல் அவள் குரல் தெளிவாகக் கேட்கிறது. நானும் இப்போது என் வீட்டார் ஒவ்வொருவர் பெயரையும் சொல்லித்தான் வேண்டுகிறேன். அன்பர்களே, ஜாடையாகக் கேட்டாலும் சுவாமிக்குப் புரியும். ஆனாலும் உங்கள் உயிரானவர்களின் பெயரை ஒருமுறை அவர் முன்னால் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அவர் பத்திரமாக வைத்துக்கொள்வார்.