வார்டனம்மாவின் நெருப்புச் சட்டம்

இஞ்ஞாசியம்மாள் பேச்சை யாராவது எடுத்தால் எனக்கு முதலில் எரிச்சல்தான் வரும். அப்புறம்தான் பாவமாக இருக்கும். திண்டுக்கல்லில் ஆசிரியைப் பயிற்சிக்கு வந்த பெண்கள் நாங்கள் நாற்பது பேர், ஒரே நீளக் கூடத்தில் பாய் விரித்துப் படுத்த விடுதி அது. அவர் எங்கள் வார்டன். அவரைக் கெட்டவர் என்று சொல்ல முடியாது. சொல்ல முடிந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். நான் சொல்லப்போகும் சம்பவத்துக்குப் பிறகும் சில வருஷம் உயிரோடு இருந்தார். ஆனால் ஒரு பூட்டைக்கூட மறுபடி கையால் தொடவில்லை.

ஆத்தூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டவர். சித்திரைக் காற்றில் ஒருநாள் தெருவே கூரையோடு பற்றிக்கொண்டது. அவர் கத்தரித் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டப் போயிருந்தார். தொட்டிலில் கிடந்த பெண் குழந்தையைத் தூக்க ஆளில்லாமல் போயிற்று. புருஷனும் அதற்குப் பிறகு அதிக நாள் இல்லை. கன்னியர் மடத்து மதர்தான் இரக்கப்பட்டுக் கூப்பிட்டு விடுதியைக் கையில் கொடுத்தார். வந்த அன்றைக்கே மாதா கோயிலில் முழங்காலில் நின்று வேண்டிக்கொண்டாராம்: "ஆத்தா, எம்பொறுப்புல இருக்குற ஒரு புள்ள மேலயும் நெருப்புப் படக்கூடாது." எங்களிடம் அவரே இதை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்.

அதனால் சட்டம். கொசுவலைக்குள் விளக்கு கூடாது. கூடத்துக்குள் ஸ்டவ் கூடாது. கரி இஸ்திரிப் பெட்டி அடுப்படியோடு சரி. மணி அடித்ததும் சிம்னி விளக்கை அணைத்துவிட வேண்டும். அவர் வந்து திரியைத் தொட்டுப் பார்க்கும்வரை யாரும் படுக்கக் கூடாது. எல்லாம் நல்ல சட்டங்கள்தான், யார் இல்லை என்றது? தண்டனைதான் அநியாயம். மீறினால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட வேண்டும். அழுகை, மன்னிப்பு, ஒன்றும் செல்லாது. மண்ணெண்ணெய்ப் புட்டி வைத்திருந்த ஒருத்தியைப் படிப்பின் நடுவில் அப்படித்தான் அனுப்பினார். அடுத்த தையில் அவளுக்குக் கல்யாணம். அதோடு டீச்சர் வேலையும் போச்சு, கனவும் போச்சு. அதற்கப்புறம் எங்களுக்கு நெருப்பைவிட இஞ்ஞாசியம்மாளிடம்தான் பயம் அதிகம்.

எல்லோரையும்விட அதிகம் பயந்தவள் பொன்னழகு. நத்தத்துப் பெண். அப்பா புளியந்தோப்புக் குத்தகைக்காரர். அவர்கள் வீட்டில் இவ்வளவு தூரம் படிக்க வந்த முதல் பெண் இவள்தான். அப்பாவுக்கு அரை மனசு. "ஒரு சொல்லு வந்துச்சு, அம்புட்டுத்தான். கூட்டியாந்துருவேன்" என்று விடுதி வாசலில் நின்றே மகளிடம் சொல்லிவிட்டுப் போனார்.

ஐம்பத்தேழாம் வருஷம். ஐப்பசி மழை விட்டபாடில்லை. ஜெபமாலை மாதம் என்பதால் தினமும் சாயங்காலம் கோயிலில் ஜெபமும் நற்கருணை ஆசீரும் நடக்கும். கோயில் எங்கள் கூடத்துக்கு அடுத்த சுவர். இந்துப் பெண்களும் வந்து பின்வரிசையில் உட்கார்ந்தாக வேண்டும். ஒருநாள் பொன்னழகு மட்டும் கிளம்பவில்லை. தலைக்குக் குளித்தவள், முடி காயாமல் காய்ச்சலோடு சுருண்டு கிடந்தாள். முடி என்றால் அப்படியொரு முடி, இடுப்பைத் தாண்டி இறங்கும்.

பக்கத்துப் பாய் சிவனம்மாளுக்குப் பொறுக்கவில்லை. ஜெபத்துக்குப் போகுமுன் அடுப்படியில் ஒரு சட்டி நிறையக் கங்கு அள்ளி வந்தாள். சாம்பிராணி தூவி, மேலே கூடையைக் கவிழ்த்து, பொன்னழகின் முடியை அதில் பரப்பிவிட்டாள். எந்த வீட்டிலும் அம்மா மகளுக்குச் செய்வதுதான். எங்கள் விடுதியில் அது ஊருக்கு அனுப்பும் குற்றம்.

வராந்தாவில் வார்டனம்மாவின் சாவிக்கொத்து குலுங்கியது. தண்ணீர் ஊற்றினால் சத்தமே காட்டிக்கொடுத்துவிடும். சிவனம்மாள் சட்டியை அப்படியே கொண்டுபோய்க் கூடத்தை ஒட்டிய பெட்டி அறையில், சுருட்டி வைத்த மடத்துப் பஞ்சு மெத்தைகளுக்குப் பின்னால் தள்ளிக் கதவைச் சாத்தினாள். "கங்கு தானா அணஞ்சிரும்னு நெனச்சேன்டி" என்று பிற்பாடு என்னிடம் சொல்லிச் சொல்லி அழுதாள்.

உள்ளே வந்த வார்டனம்மா சாம்பிராணி வாசனையைச் சந்தேகப்படவில்லை. கோயிலில் தூபம் மூட்டும் நேரம்தானே அது. பொன்னழகின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். கஷாயத்தை ஊற்றிக் குடிக்க வைத்தார்.

"செத்த நேரம் தூங்கு, தாயி. வயசுப் புள்ள தனியாக் கெடக்குற, பூட்டிக்கிட்டுப் போறேன். முடிஞ்சதும் வாரேன்."

பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு எங்களைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்கு வந்தார்.

நாங்கள் பாடினோம். சாமியார் தூபம் காட்டினார். காட்டி முடித்து வெகு நேரமாகியும் சாம்பிராணி மணம் குறையவில்லை, கூடிக்கொண்டே வந்தது. மழை ஈரத்தில் புகை மேலே எழும்பாமல் நிற்கிறது என்று நினைத்தேன். அத்தனை பேரில் ஒருத்திக்கும் உறைக்கவில்லை, பாவிகள்! பக்தியோடு வேறு மூச்சை இழுத்துக்கொண்டோம்.

சாமியார் நற்கருணையை உயர்த்தினார். எல்லாத் தலையும் தாழ்ந்திருந்த அந்த நேரத்தில் இஞ்ஞாசியம்மாள் எழுந்துவிட்டார்.

"பஞ்சு! பஞ்சு கருகுது!"

சொல்லிக்கொண்டே ஓடினார். நாங்கள் எழுந்து போவதற்குள் பூட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அவசரத்தில் சாவி துவாரத்தில் நுழையவில்லை. கதவு திறந்ததும் புகை எங்கள் முகத்தில் அடித்தது. கதவுப் பக்கத்திலும் ஜன்னல் பக்கத்திலும் பொன்னழகு இல்லை. பெட்டி அறைக்குள் ஈரப் போர்வையால் மெத்தையை அடித்துக்கொண்டிருந்தாள். அவள் முடியில் தீ ஏறியிருந்தது.

இஞ்ஞாசியம்மாள் தன் உடம்போடு அவளை அணைத்துத் தூக்கிவந்தார். அவருடைய இரண்டு கையும் வெந்துபோனதை அவர் கவனிக்கவே இல்லை.

ஆஸ்பத்திரியில் வாழையிலை மேல் கிடத்தியிருந்தார்கள். நானும் சிவனம்மாளும் கால்மாட்டில் நின்றோம். வார்டனம்மா குனிந்து கேட்டார்.

"ஏன் தாயி கத்தல? அடுத்த செவுருதானே. ஒரு சத்தம் குடுத்திருந்தா ஓடியாந்திருப்பேனே."

"கத்துனா ஒங்களுக்குத் தெரிஞ்சுருமே, வார்டனம்மா" என்றாள் பொன்னழகு. "நானே அணச்சிரலாம்னு பாத்தேன். ஊருக்கு மட்டும் அனுப்பிராதீக."

இஞ்ஞாசியம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கட்டுப் போட்ட கைகளைக் கட்டிலின் மேல் வைத்துக்கொண்டு, "அனுப்ப மாட்டேன், தாயி. சத்தியமா அனுப்ப மாட்டேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பொன்னழகு நம்பினாளா என்று எனக்குத் தெரியாது. அவள் கண் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது, பயத்தோடு.

இரண்டு நாள்தான் உயிரோடு இருந்தாள். நத்தத்திலிருந்து அப்பா மாட்டுவண்டியோடு வந்தார். வெள்ளைத் துணி சுற்றி அவளை வண்டியில் ஏற்றினார்கள். வண்டி கிளம்பும்போது இஞ்ஞாசியம்மாள் குறுக்கே வந்து மாட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். "அனுப்ப மாட்டேன்னு சொல்லியிருக்கேன். எம்புள்ளைக்குச் சொல்லியிருக்கேன்." மதர் கூப்பிட்டும் விடவில்லை. கட்டுத்துணி நனைந்து ரத்தம் தெரிந்தது.

பொன்னழகின் அப்பாதான் இறங்கி வந்து அந்தக் கைகளை மெதுவாகக் கயிற்றிலிருந்து எடுத்தார்.

"விடு தாயி" என்றார். "எம்மக ஒரு தப்பும் பண்ணல. வீட்டுக்குத்தானே கூட்டிக்கிட்டுப் போறேன்."