அளவுக்கு நிற்கும் ஆள்

இது நடந்தது. கதை கட்ட எனக்கு வராது. இயந்திரப் படம் வரையத்தான் வரும். நம்பாதவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம், எனக்கொன்றும் நஷ்டமில்லை.

1988, நவம்பர். அம்பத்தூர் ஓ.டி.யில் ஒரு மாடியறையில் குடியிருந்தேன். லாரி, பம்பு, பிரஸ் எல்லாம் உள்ளே எப்படி வேலை செய்கின்றன என்று மெக்கானிக்குகளுக்குப் புரியும்படி கையேடுகளுக்குப் படம் வரைவது என் பிழைப்பு. அந்த மாதம் டிப்பர் லாரி. அதன் தொட்டியைத் தூக்கி நிறுத்திவிட்டு யாராவது கீழே போவதென்றால் முதலில் இரும்பு முட்டு கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் தொட்டி எந்த நிமிஷமும் இறங்கும், ஆள் சட்னிதான். அதை விளக்கும் படம்.

இந்த மாதிரிப் படங்களில் வண்டிக்குப் பக்கத்தில் ஓர் ஆளை நிறுத்துவோம். வண்டி எவ்வளவு பெரிது என்று அவனை வைத்துத்தான் தெரியும். முகம் கிடையாது, வெறும் கோட்டுருவம். நான் நிறுத்தியது மனோகரன் மாமாவை. வசந்தா அக்காவின் புருஷன். நசரத்பேட்டையில் ஒரு லாரி ஷெட்டில் டிப்பர் மெக்கானிக். என் தம்பி வரதனும் அதே ஷெட்தான், இன்ஜின் வேலை. மாமாவை வண்டியருகே நிற்கவைத்து, டேப் பிடித்து, அந்தக் கணக்கிலேயே வரைந்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஏழு இருபது. நல்ல மழை. கீழே டீ குடித்துவிட்டு அறைக்கு வந்தேன். கண்ணாடி மேஜைக்கு அடியில் டியூப் லைட் எரிந்தது. மேலே டிரேசிங் தாள்.

ஆள் இடம் மாறியிருந்தான்.

சக்கரத்துக்குப் பக்கத்தில் வரைந்தவன், தூக்கிய தொட்டிக்குக் கீழே நின்றான். தூக்கக் கலக்கத்தில் நானே தப்பாக வரைந்துவிட்டேன் போல என்று என்னைத் திட்டிக்கொண்டேன். அரை பிளேடால் மையைச் சுரண்டி எடுத்து, பழைய இடத்திலேயே மறுபடி வரைந்தேன். கை கழுவப் போனேன்.

திரும்பி வந்தேன்... ஏழு ஐம்பது.

தொட்டிக்குக் கீழே மல்லாந்து படுத்திருந்தான்.

நான் வரைந்திருந்த அந்த இரும்பு முட்டு காணோம். அந்த இடத்தில் பிளேடு பட்ட தடமே இல்லை. தாள் வழவழவென்று இருந்தது. விரலை வைத்தேன். அந்த ஆளின் கோடு... ஈரம். மை விரலில் ஒட்டியது.

கரண்ட் போனது.

இருட்டு. மழைச் சத்தம். அப்புறம்...

சர்ர்ர்... சர்ர்ர்...

தாளில் பேனா ஓடும் சத்தம்.

என் பேனா என் சட்டைப் பையில் இருந்தது.

செருப்பைக்கூடப் போடவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு திருமுல்லைவாயலுக்கு, அக்கா வீட்டுக்கு ஓட்டினேன். அக்காவுக்கு அப்போது ஏழாம் மாதம். மாமாவுக்கு ஒன்று ஆனால் அவள் கதி? வழியெல்லாம் அது ஒன்றுதான் மனதில் ஓடியது.

"இன்னாடா, பேயறஞ்ச மாதிரி கீற?" என்றாள் அக்கா.

"மாமாவ நாளைக்கு ஷெட்டுக்கு அனுப்பாதக்கா."

மாமா சிரித்தார். "குவாரி வண்டி ஒண்ணு அவசரமா வெளிய போவணும் மச்சான். ஓனரு கத்துவான்."

நடந்ததைச் சொன்னேன். அவர் இன்னும் பலமாகச் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

"கத்துனா கத்திகினு போறான். நீ வாசப்படி தாண்டிப் பாரு, அப்பறம் கீது உனக்கு."

மறுநாள் காலையிலேயே மறுபடி போனேன். மாமா லுங்கியோடு உர்ரென்று உட்கார்ந்திருந்தார். எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். ஜெயித்துவிட்டேன்! அக்கா தோசை வார்த்துப் போட்டாள். நானும் வெட்கமில்லாமல் ஆறு தின்றேன்.

பதினொன்று பத்து. வாசலில் சைக்கிள் வந்து விழுந்தது. ஷெட்டில் வேலை செய்யும் கன்னியப்பன். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது.

அவன் மாமாவைப் பார்க்கவில்லை.

என்னைப் பார்த்தான்.

"அண்ணாத்தே... நீ வா. சட்டுனு வா."

மாமா வராததால் குவாரி வண்டிக்குக் கீழே வரதன் போயிருக்கிறான். இன்ஜின் வேலை மட்டுமே தெரிந்த பிள்ளை. மாமா வேலையை நான் முடித்துவிடுகிறேன் என்றானாம். முட்டு கொடுக்கவில்லை. தொட்டி இறங்கிவிட்டது.

நான் தடுத்திருக்காவிட்டால் அங்கே மாமா போயிருப்பார். எத்தனையோ வருஷ அனுபவம், முட்டு கொடுக்காமல் குனியவே மாட்டார். யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. இதை நினைக்காமல் எனக்கு ஒரு நாளும் விடிந்ததில்லை.

காரியம் முடிந்து அறைக்குப் போனேன். தாள் மேஜைமேலேயே கிடந்தது. ஆள் அப்படியே மல்லாந்து கிடந்தான். மை காய்ந்திருந்தது.

ஸ்கேலை எடுத்து, தலையிலிருந்து கால்வரை வைத்துப் பார்த்தேன்.

மாமா ஐந்தடி ஒன்பது அங்குலம். தாளில் கிடந்தவன், படத்தின் அளவுக் கணக்குப்படி, ஐந்தடி மூன்று.

என் தம்பி இரண்டு தடவை ஆவடிக்குப் போலீஸ் ஆள் எடுப்புக்குப் போனான். இரண்டு தடவையும் சுவரோரம் நிறுத்தி அளந்து, உயரம் போதாது என்று அனுப்பிவிட்டார்கள். ஐந்தடி மூன்று.