தொட்டாற்சுருங்கியும் வெள்ளிக்கிழமை விருந்தினரும்

சைனிக்புரியில் உள்ள எங்கள் இல்லத்தில் வெள்ளிதோறும் செபக்கூட்டம் நடைபெறும். அது நிறைவுற்றதும் அனைவரையும் பின்தாழ்வாரத்திற்கு அழைத்துச் சென்று, நான் வளர்க்கும் தொட்டாற்சுருங்கியைத் தொடச் சொல்வேன். இலைகள் மூடுவதைக் கண்டு அவர்கள் வியப்பது எனக்குப் பெருமிதம்.

இரண்டு மாதங்களில் இலைகள் பழுத்து உதிர்ந்தன. நான் உரமிட்டேன்.

“உரம் எதுக்கு? பால்காரர், கேஸ்காரர், யார் வந்தாலும் தொடச் சொல்றீங்க. அது எப்பங்க இலையை விரிச்சு வெயில் காயும்?” என்றாள் மனைவி.

பிழை என்னுடையதே. அன்றுமுதல் எவரையும் தொடவிடவில்லை. ஆறு வாரங்களில் புதுத் தளிர்கள் தோன்றின. அந்த வெள்ளியன்று எங்கள் சபை ஆயர் விரலை நீட்டினார், தடுத்தேன்.

“ஹவ், ஆமா, ஒரு தடவை தொட்டா செத்தா போயிடும்?” என்றார் அவர். கூட்டம் சிரித்தது.

“தங்கள் அருளுரையின் நடுவே இருபது பேர் தோளைத் தட்டினால் பேசி முடிப்பீர்களா, ஐயா?” என்றேன். சிரிப்பு நின்றது.

மறுவாரம் இருவர் வரவில்லை. வராவிடின் போகட்டும். இப்போது கூட்ட நாள்களில் தாழ்வாரக் கதவைப் பூட்டித் திறவுகோலை என் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறேன். காண விழைவோர் சாளரத்தின் வழியே விரிந்த இலைகளைக் காணலாம். வியக்க அதுவே போதும்.